பீங்கான் பைப்புக்குள் ஒரு ரோஜா

ரோஜாச் செடியை வெட்ட வேண்டிய நாளில் காலையிலேயே கத்தரியை எடுத்து நாலு தடவை துடைப்பேன். கத்தரி பிடித்த புதிதிலும் துடைத்தேன், ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரமும் துடைத்தேன். நடுவில் முப்பத்தொரு வருஷம் ஓடிவிட்டது. "செடிய வெட்டப் போறியா, இல்ல ஆளுக்கு ஆபரேசன் பண்ணப் போறியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அவருக்கென்ன, லாரி ஓட்டுகிறவர். தப்பான பாதையில் போனால் திருப்பிக்கொண்டு வரலாம். வெட்டின குச்சியை ஒட்டவைக்க முடியுமா?

விருத்தாசலத்தில் அரசு பங்களாத் தோட்டத்தில் வேலை பார்த்தேன். இப்போது அங்கே பேட்டரியில் ஓடும் கத்தரி வந்திருக்கிறது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது, வேலையில் இருக்கிற பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "தனக்கா, நீங்க ஒரு செடிக்கு ரெண்டு நாளு எடுப்பீங்களாமே! அப்படி என்னாதான் பாப்பீங்க?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. நின்ற இடத்தில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால்தான் எங்கள் தோட்ட ஊழியர் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதித் தருகிறேன். நான் ஏழாவதோடு நின்றவள். பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர் திருத்திக்கொள்ளட்டும்.

முதல் மூன்று வருஷம் கூட்டினேன், களை எடுத்தேன், தண்ணீர் பிடித்தேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. நான்காம் வருஷம் நடராஜன் சார் மேற்பார்வையாளராக வந்தார். பெண்ணாடத்திலிருந்து பஸ்ஸில் வருவார். மழையோ வெயிலோ, கையில் மடித்த குடை இருக்கும். அதை விரித்து நான் பார்த்ததில்லை. தினக்கூலி ஆளைக்கூட "ங்க" போட்டுத்தான் கூப்பிடுவார். குரலை உயர்த்த மாட்டார். அதுதான் பயம். திட்டுகிறவரிடம் திட்டு வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. இவர் பக்கத்தில் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "காரணம் என்னங்க தனம்?" என்று மட்டும் கேட்பார்.

அவர் வைத்த முறை அது. கத்தரியைக் கையில் எடுக்காமல் செடியை மூன்று சுற்று சுற்றி வர வேண்டும். பிறகு ஒவ்வொரு குச்சியையும் தொட்டு, எதற்காக வெட்டுகிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "காஞ்சது." "கருகல் விழுந்தது." "பக்கத்துக் குச்சிய உரசுது." "உள்பக்கமா வளருது." சொல்ல வராவிட்டால் வெட்டக் கூடாது. ஆரம்பத்தில் வெட்கமாக இருந்தது. பங்களாவுக்கு வந்த டிரைவர்கள், "அந்தம்மா செடிகூட பேசுது பாரு" என்று வேடிக்கை பார்த்தார்கள்.

வெட்டும் இடமும் கணக்குத்தான். வெளிப்பக்கம் பார்த்த கணு ஒன்றைத் தேர்ந்து, அதற்குக் கால் அங்குலம் மேலே, தண்ணீர் கணுவின் மேல் வழியாதபடி சாய்த்து வெட்ட வேண்டும். குச்சியின் நடுவில் மெத்தென்று இருக்கும் சோறு பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே போ. வெள்ளையாக வந்தால் நிறுத்து. வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த பசை தடவ வேண்டும். இரும்பு வாளியில் கரைக்கக் கூடாது. கரைத்ததும் கத்தி நுனியை நனைத்துப் பார்க்க வேண்டும். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். கிழட்டுச் செடியாக இருந்தால் ஒரு வருஷத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கை வைக்கக் கூடாது.

ஒரு ஐப்பசியில் பெரிய அதிகாரி வருகிறார் என்று ரோஜாக்களை உடனே ஒழுங்கு பண்ணச் சொன்னார்கள். விடாத மழை. ஈரத்தில் வெட்டினால் குச்சி நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே இறங்கும். சார் தாழ்வாரத்தில் போய் நின்றார். "மழ நிக்கட்டுங்க" என்றார். மேலே இருந்து இரண்டு தடவை ஆள் வந்தது. இரண்டு தடவையும் அதே இரண்டு வார்த்தைதான். எனக்கு அன்று காய்ச்சலே வந்துவிட்டது. மழை நின்றது ஒன்பதாவது நாள். அதற்குள் அதிகாரி வந்து, டீ குடித்து, போயே போய்விட்டார். ரோஜாவை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

இதெல்லாம் முன்கதை. நான் சொல்ல வந்தது மல்லிகா டீச்சர் வீட்டுச் செடியைப் பற்றி.

எனக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. நடராஜன் சார் ஏற்கெனவே ஓய்வு பெற்று, முட்டிவலியோடு பெண்ணாடத்தில் இருந்தார். செடியை வெட்டித் தரச் சொல்லி டீச்சர் அவரிடம்தான் முதலில் கேட்டிருக்கிறார். "தனம் போவாங்க" என்று அவர் சொல்லிவிட்டார். என்னைக் கேட்கவில்லை.

ஸ்டேஷனைத் தாண்டி, பீங்கான் சாமான் சுடுகிற சின்னச் சின்ன யூனிட்டுகள் இருக்கிற பக்கத்தில் அந்த வீடு. டீச்சரின் அத்தை, கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர், தனியாளாக ஒரு யூனிட்டை நடத்தியவர். முதலில் பீங்கான் பைப்பு போட்டார், பிறகு கரண்டுக்கு மாட்டுகிற பீஸ் கட்டை. அவர் இறந்ததும் வீடும் தோட்டமும் டீச்சருக்கும் தம்பி குமாருக்கும் சேர்ந்து வந்தது. யூனிட்டைக் குமார் பார்க்கிறார். தோட்டத்தில் ஏழு ரோஜா. யாரும் தொடாமல் பல வருஷம். ஆறு செடி மதில் உயரம். வீட்டுச் சுவரை ஒட்டி நடுவில் இருந்த ஏழாவது, ஓட்டுக் கூரை மேல் ஏறி அந்தப் பக்கம் சரிந்திருந்தது. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது கோயில் கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி கழுத்து வலித்தது. ரோஜா இவ்வளவு வளரும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் நாங்கள்தான் வெட்டி வெட்டி இடுப்பளவில் வைத்திருந்தோம் போலிருக்கிறது.

குமார் வந்தார். "யக்கா, கஷ்டப்படாதீங்க. இந்த எடத்துல எனக்குப் பேக்கிங் ஷெட்டு வேணும். சரியா இந்தச் செடி நிக்கற எடத்துலதான் தூணு வருது."

"அது அத்தையோட ரோஜாடா" என்றார் டீச்சர்.

"அத்தையோட ரோஜா கறுஞ்செவப்புன்னு நீதான சொல்ற? எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து இதுல பன்னீர் ரோஜாதான் பூக்குது. பன்னீர் ரோஜா தெருவுக்குப் பத்து இருக்குது."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி செவப்பாதான் பூத்துச்சு. கோணலா வந்த கப்பு ஒண்ணுல தண்ணி ஊத்தி, அத்த ஆபீஸ் டேபிள் மேல வெப்பாங்க."

"கனவு கண்டிருப்ப."

"டேய், மாசி மகம் வரைக்கும் டைம் குடு."

குமார் கொஞ்சம் யோசித்தார். "சரி. மகத்தன்னைக்கு இதுல செவப்பு ரோஜா இருந்துச்சுன்னா ஷெட்ட வேற எடத்துல போட்டுக்கறேன். இல்லன்னா மறுநாளு ஜேசிபி. அப்புறம் என்னைய கொற சொல்லக் கூடாது."

இரண்டு பேர் சொன்னதும் நிஜமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கடையில் வாங்குகிற ரோஜா ஒரே செடி இல்லை. கீழே தாங்குகிற வேர் ஒரு ஜாதி, மேலே பூக்கிற மொட்டு வேறு ஜாதி. இரண்டையும் கட்டி ஒட்டவைத்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் வேருக்குப் பெரும்பாலும் பன்னீர் ரோஜாவைத்தான் வைப்பது. கவனிக்காமல் விட்டால் ஒட்டுக்குக் கீழே இருந்து வேரின் குச்சிகள் கிளம்பி, மேலே இருக்கிற ரோஜாவை அமுக்கிவிடும். அத்தையின் சிவப்பு உள்ளே எங்காவது உயிரோடு இருக்கிறதா, இல்லையா? ஒட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒட்டைப் பார்க்கத்தான் வழி இல்லை. எங்கள் ஊரில் ஒரு வழக்கம். சூளையில் கோணலாக வந்த பைப்பை எறிய மாட்டார்கள். கன்று வைத்தால் ஆடு கடிக்காமல் இருக்க, அதை மேலே மாட்டி மண்ணில் பதித்துவிடுவார்கள். எந்தத் தெருவில் போனாலும் பழுப்புப் பைப்புக்குள்ளிருந்து வேம்போ செம்பருத்தியோ தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அத்தையும் அப்படித்தான் செய்திருந்தார். கன்று பெரிதானதும் பைப்பைக் கழற்ற வேண்டும் என்று யாருக்கும் நினைவு வருவதில்லை. ஒட்டு, முழங்கால் உயரப் பைப்புக்குள் போய்விட்டது. வெளியே தெரிந்தது பைப்பின் வாயிலிருந்து கிளம்பிய ஒன்பது குச்சிகள் மட்டும்.

மார்கழி பாதியில் மழை ஓய்ந்து, ஒரு வாரம் காய்ந்தது. ஆறு செடியை முடித்துவிட்டு ஏழாவதுக்கு வந்தேன். மூன்று சுற்று வந்தேன். எட்டுக் குச்சிகள் பச்சையாக, ஊசி ஊசியாக முள்ளோடு இருந்தன. ஒன்பதாவது சாம்பல் நிறம். பட்டை வெடித்து, சுவரில் சாய்ந்து, உச்சியில் மட்டும் நாலு இலை. அந்த இலைகளை எண்ணினேன். ஒரு காம்பில் ஏழு.

எங்கள் வேலைக்காரர்களிடம் ஒரு பேச்சு உண்டு: ஏழு இலை காடு, அஞ்சு இலை ரோஜா. காடு என்றால் வேர்க்குச்சி. எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அன்றும் வாய்விட்டுச் சொன்னேன்: "ஏழு இலை. காட்டுக் குச்சி." ரம்பத்தை வைத்து அறுத்தேன்.

குச்சி சரிந்து என் காலடியில் விழுந்தது. அதுவரை எட்டாத உயரத்தில் இருந்த உச்சி இப்போது கண்ணுக்குப் பக்கத்தில். அதில் புதிதாக ஒரு துளிர், பீட்ரூட் தண்ணீர் நிறத்தில். மற்ற எட்டுக் குச்சியின் துளிரும் வெளிர்ப்பச்சை. இதன் முள்ளைப் பார்த்தேன். அகலமான அடி, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. வெட்டுவாயைப் பார்த்தேன். சோறு வெள்ளை வெளேரென்று இருந்தது.

அத்தையின் ரோஜாவில் மிச்சமிருந்த ஒரே குச்சி அதுதான். நான் வெட்டிவிட்டேன்.

டீச்சர் டீ கொண்டுவந்தார். "என்னக்கா, முடிஞ்சுதா?"

"ம்" என்றேன். அந்த ஒரு எழுத்துப் பொய்யைச் சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். சர்க்கரை போட்டிருந்தாரா என்று தெரியவில்லை.

விழுந்த குச்சியை நாலு துண்டாக்கி ஈர மணலில் ஊன்றினேன். கிழட்டுக் கட்டை, பிடிக்காது என்று தெரியும். ஒரே வாரத்தில் நாலும் கறுத்துப்போயின. ஊன்றின கையோடு மதிலுக்குப் பின்னால் போய் சாருக்குப் போன் போட்டேன்.

முழுசாகக் கேட்டார். பிறகு, "காரணம் சொன்னீங்களா?"

"சொன்னங்க சார். ஏழு இலைன்னு சொன்னன்."

"அது காரணம் இல்லீங்க தனம். அது கேள்விப்பட்டது."

அவ்வளவுதான் திட்டு. முப்பது வருஷத்தில் அவர் என்னைச் சொன்னதிலேயே பெரிய சொல் அது. நன்றாக வளர்கிற ரோஜாவிலும் ஏழு இலை வரும், பன்னீரிலும் அஞ்சு வரும் என்று பிறகு சொன்னார். "ஒட்டு எங்க இருக்குது?"

"பைப்புக்குள்ள."

"அப்ப பைப்புக்குள்ள பாருங்க. குச்சி போனாலும் ஒட்டுல மொளைக்கிற கண்ணு இருக்கும். தூங்கிட்டிருக்கும். அதுக்கு வெளிச்சம் வேணும்."

பைப்பை எப்படி உடைப்பது? "சுத்தியலெடுத்து ரெண்டு போடுங்க" என்றார் குமார். சுத்தியல் அடி உள்ளே தண்டில் இறங்கினால்? சுத்தியலை வாங்கித் தரையில் வைத்தேன். அப்போது யூனிட்டிலிருந்து பூங்கோதை வந்தாள். சுட்டு வந்த சாமானைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவள் அவள். பைப்பைச் சுற்றி விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தாள்.

"இது நல்ல சாமான் மாதிரி பேசலயேக்கா" என்றாள். யூனிட்டுக்குப் போய்க் களிமண் கரைசல் கொஞ்சம் எடுத்து வந்தாள், பால் மாதிரி வெள்ளையாக. அதைப் பைப்பு முழுக்கப் பூசி, ஈரத் துணியால் துடைத்தாள். பழுப்பு மினுமினுப்பின் மேல் மேலிருந்து கீழ்வரை மூன்று வெள்ளைக் கோடு நின்றது. மயிரிழை கனம். விரிசலுக்குள் போன வெள்ளை மட்டும் துணிக்கு வரவில்லை.

"யாருடி ஒடச்சது?" என்றேன்.

"யாரு ஒடைப்பாங்க? உள்ளேர்ந்து தள்ளியிருக்குது."

மூங்கில் சிலாம்பைச் செதுக்கி, கோட்டில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தினாள். பலாச்சுளையிலிருந்து சடை பிரிகிற மாதிரி ஒரு துண்டு வந்தது. பிறகு இன்னொன்று. மூன்றாவதும் வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

உள்ளே மண்ணே இல்லை. எல்லாம் மரம். பைப்பின் வடிவத்துக்கே உருண்டையாக, கடைசல் பிடித்த கம்பம் மாதிரி தண்டு நின்றது. பைப்பு செய்யும்போது உள்பக்கம் விழுந்த வரிகூட அதன் பட்டையில் பதிந்திருந்தது. இரண்டு நாள் நெருப்பில் வெந்த பைப்பை, சத்தம் போடாமல், வருஷக்கணக்காக, இது ஒற்றை ஆளாகப் பிளந்திருக்கிறது. முப்பது வருஷம் நான் ரோஜாவை ஒடிந்துவிடுமோ ஒடிந்துவிடுமோ என்று பயந்து பயந்து தொட்டவள். எனக்குக் கும்பிட வேண்டும்போல இருந்தது. பூங்கோதை நிஜமாகவே கும்பிட்டுவிட்டாள்.

நடுவில் முஷ்டி அளவு ஒரு முடிச்சு. அதுதான் ஒட்டு. அதன் மேல் நான் அறுத்த குச்சியின் அடிக்கட்டை. அதற்குக் கீழே, பட்டை மடிப்பில், கடுகில் பாதி அளவு ஒரு சிவப்புப் புள்ளி. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கண்தான்.

போட்டோ எடுத்து சாருக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார். பன்னீர்க் குச்சி எட்டும் நின்றால் சாறு முழுக்க அதுகளுக்கே போகும்; கண் விழிக்காது. எட்டையும் எடுத்துவிட்டால் இலையே இல்லாமல் கிழட்டுச் செடி மூச்சடைத்துச் செத்தாலும் செத்துவிடும். மூன்றில் ஒரு பங்கு என்று எனக்குச் சொல்லித் தந்தவரே இப்போது யோசித்தார். "ஏழ எடுத்துருங்க. ஒண்ண வளச்சு மண்ணோட கட்டி வைங்க. அது சோறு ஆக்கிப் போடட்டும், தல மட்டும் தூக்கக் கூடாது."

ஏழை எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னேன், இந்தத் தடவை கண்ணால் பார்த்த காரணம். குமார் வந்து பார்த்துவிட்டு, "இருந்த பன்னீர் ரோஜாவும் போச்சா? ஜேசிபிக்கு வேல மிச்சம்" என்றார்.

அதன்பின் வேலைக்குப் போகும் முன்னும் வேலை விட்டதும் தினம் அங்கேதான். பத்து நாள் அந்தப் புள்ளி அப்படியே இருந்தது. என் வீட்டில் சோற்றைக் குழைய விட்டேன், பாலைப் பொங்கவிட்டேன். பன்னிரண்டாம் நாள் புள்ளி மிளகாய் விதை ஆனது. அப்புறம் அது நின்று யோசிக்கவில்லை. கட்டைவிரல் கனத்தில், உச்சி முதல் அடி வரை பீட்ரூட் நிறத்தில், ஒரு தளிர் மேலே ஏறியது. காலையில் நான் நூல் கட்டி அடையாளம் வைத்துவிட்டுப் போனால், சாயங்காலம் அதன் தலை நூலைத் தாண்டியிருக்கும். வேர் அத்தனை வருஷம் எட்டுக் குச்சிக்குக் கொடுத்ததை இப்போது ஒன்றுக்கு ஊற்றியது. பார்க்கவே பயமாக இருந்தது. நல்ல பயம்.

மாசி மகம் வந்தது. ஊரே கோயில் பக்கம் போய்விட்டது. பஸ்ஸில் நிற்க இடமில்லை. தளிரின் நுனியில் ஒரே ஒரு மொட்டு. மூடின மொட்டு. பச்சை.

குமார் காண்டிராக்டரோடும் டேப்போடும் வந்தார்.

"இன்னும் ரெண்டு மூணு நாள்ல விரிஞ்சுடும்டா" என்றார் டீச்சர்.

"மகம்னுதானக்கா பேச்சு? விரிஞ்சப்புறம் அதுவும் பன்னீரா இருந்தா? காண்டிராக்டர் அண்ணன் எனக்காக மத்த வேலைய வுட்டுட்டு வந்திருக்கறாரு."

அதற்குமேல் என்னால் மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை. "தம்பி, தப்பு என்னுது. செவப்பு ரோஜாக் குச்சி ஒண்ணு உசுரோட இருந்துச்சு. நான் காட்டுக் குச்சின்னு நெனச்சு வெட்டிட்டன். அத வெட்டாம இருந்தா இன்னேரம் பூத்திருக்கும். டீச்சர், உங்ககிட்டயும் மறச்சுட்டன்."

டீச்சர் என்னையே பார்த்தார். காண்டிராக்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். குமார் டேப்பைப் பிடித்தபடி செடியின் முன்னால் குந்தினார். பூங்கோதை ஓரமாக அடுக்கி வைத்திருந்த பைப்புத் துண்டுகள் அவர் கண்ணில் பட்டன. ஒன்றை எடுத்தார். முறிந்த விளிம்பில் விரலை ஓட்டினார்.

"இத எதால ஒடச்சீங்க?"

"நான் ஒடைக்கல தம்பி" என்றாள் பூங்கோதை. "அதுவே பொளந்து வெச்சிருந்துச்சு. நான் எடுத்து அடுக்கினன்."

"வெளயாடாத. இது எங்கத்த சுட்ட பைப்பு. இதுமேல மாட்டு வண்டிய ஏத்திக் காட்டுவாங்க." சொல்லிக்கொண்டே துண்டைத் தண்டோடு வைத்துப் பார்த்தார். வரியோடு வரி பொருந்தியது. எடுத்தார். மறுபடி வைத்தார். வாழ்க்கை பூராவும் சூளையோடு இருக்கிறவர். அந்தச் சாமானின் பலம் எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் தெரியும். ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை.

எழுந்ததும் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. "அண்ணே, தூண நாலடி தள்ளிப் போட்டா கூரை நிக்குமா?"

"நிக்கும். ஷெட்டு கொஞ்சம் கோணலா வரும்."

"வரட்டும்."

டீச்சர் என் தோளைப் பிடித்து, "வாங்க, டீ குடிக்கலாம்" என்றார். அன்றைக்குச் சர்க்கரை தூக்கலாக இருந்தது.

நாலாம் நாள் நான் பங்களாவில் ரப்பர் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு போட்டோ வந்தது. குமார் அனுப்பியது. ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நான் முதலில் பூவைப் பார்க்கவில்லை. படத்தைப் பெரிதாக்கி, கீழ் இலைகளில் கரும்புள்ளி நோய் விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒன்றும் இல்லை. இரண்டாம் தடவையும் தேடினேன். அதன்பின்தான் மேலே நகர்த்தினேன். கறுப்போ என்று சந்தேகப்படும்படி ஒரு சிவப்பு. தண்ணீர் பாத்தியை நிறைத்து, என் காலை நனைத்து, பாதையில் ஓடிக்கொண்டிருந்தது.